வயசு தெரியாத பூச்சி

முதல் எலெக்‌ஷனுக்கு வோட்டர் பட்டியல் எழுத வந்தவர் என் வயதைக் கேட்டார். "நீங்களே பாத்துப் போட்டுக்கங்க சார்" என்றேன். அவர் என் தலைமுடியைப் பார்த்து ஒரு வயது சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்து இன்னொரு வயது சொன்னார். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எழுதிக்கொண்டு போனார். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்த்ததோடு விட்டுவிடுவார்கள்.

அவர் மேல் தப்பில்லை. என் அம்மாவிடம் கேட்டாலே, "நீ பொறந்தன்னைக்கு நல்ல மழை" என்பாள். குரங்கணிக்கு மேலே, மலையில் பிறந்தவனுக்கு இது ஒரு அடையாளமா? மழை பெய்யாத நாள் என்று சொல்லியிருந்தாலாவது விசாரித்துப் பார்த்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்குள் நான் போனது ஒரே ஒரு தடவை. உள்ளே புகுந்த ஆட்டை விரட்டப் போனேன். எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் பின்னாளில், போடி பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான். அதனால் நான் எழுதுவதில் தேவாரம், கம்பம் என்ற இரண்டு சொற்கள் மட்டும் பிழையில்லாமல் இருக்கும். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

யுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடி ரயில் வரத் தொடங்கியிருந்த காலம் அது. நான் மலையில் ஒரு ஏலத்தோட்டத்தின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது ஏலக்காய் காயவைக்கிற கட்டடம். வெளியே பெரிய அடுப்பு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக உள்ளே ஓடி, தட்டுத் தட்டாகப் பரப்பிய பச்சைக் காயைக் காயவைக்கும். அடுப்புக்கு விறகு போடுவது என் சோலி. ஒரு தடவை கண்ணயர்ந்துபோய் ஒரு தட்டுக் காயை வறுத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் கங்காணி என்னை 'வறுவல்' என்றே கூப்பிட்டார். அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில், மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து டீச்சரம்மா வந்தார். முதலாளியின் மகள் அவரிடம் படித்தவளாம். அந்தப் பழக்கத்தில் ஸ்டோரின் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். சுமந்து வந்த பெட்டிகளில் சேலை துணிமணியை விடக் கண்ணாடிதான் அதிகம். பூதக்கண்ணாடி மிஷின் ஒன்று, மருந்துப் புட்டிகள், கூடவே அரிக்கேன் விளக்குச் சிம்னிகள் ஒரு பெட்டி நிறைய.

"இத்தனை வெளக்கு ஏத்தப் போறீகளா?" என்று கேட்டேன்.

"விளக்குக்கு இல்லை. இதுக்குள்ள புழு வளக்கப் போறேன்."

"என்ன புழு?"

"தண்டுப்புழு."

என் பக்கத்தில் நின்ற கங்காணிக்கு வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. தண்டுப்புழு என்றால் ஏலத்தோட்டக்காரனுக்கு ஜென்ம விரோதி. ஏலத்தண்டைத் துளைத்து உள்ளே உட்கார்ந்து, குருத்தைத் தின்று, எச்சத்தை வாசல் வழியே தள்ளிவிடும். அதைக் கொல்ல நாங்கள் மருந்தடித்துக்கொண்டிருந்தோம்.

"டேய் வறுவலு, இந்தம்மாவுக்கு நீதாண்டா கூட இருக்கணும்" என்றார் கங்காணி. "புழுவோட உக்காந்து பேசிக்கிட்டிருக்க ஒன்னை விட்டா இந்தத் தோட்டத்துல வேற ஆளு இல்ல."

இப்படித்தான் நான் விஞ்ஞானத்துக்குள் நுழைந்தேன்.

சிம்னியின் அடியில் தட்டு, மேலே மல்துணி, உள்ளே ஆமணக்கங்காய். ஏலத்தண்டு இல்லாவிட்டால் ஆமணக்கங்காயைத் துளைத்து அந்தப் புழு சந்தோஷமாக இருக்கும். கீழே போடிப் பக்கத்துக் காடுகளிலிருந்து என் பெண்சாதி கூடை கூடையாகக் காய் பறித்து அனுப்பினாள். வழியில் பார்த்தவர்களெல்லாம், "ஏன் ஆத்தா, ஒம் புருசனுக்கு அவ்வளவு மலச்சிக்கலா?" என்று விசாரித்தார்களாம்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுல என்னதான் பாக்குறீக டீச்சரம்மா?"

அவர் புழுவை அறுத்துக்கொண்டே சொன்னார். "எல்லா உயிருக்கும் உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கு. ஒவ்வொரு அறைக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒரு சரக்கு. எப்படி வளரணும், எப்பக் கூடு கட்டணும், றெக்கையில எங்க புள்ளி வைக்கணும், எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டு வர்றாங்க. புழு வளர வளர அந்தச் சரக்கைப் புதுசா செஞ்சு சேத்துக்குது. பூச்சியாகி, வயசும் ஆயிட்டா? அப்பவும் செய்யுதா, நிறுத்திருதா? நிறுத்துனா உடம்பு பூராவும் நிறுத்துதா, எங்கயாச்சும் மிச்சம் இருக்கா? அதான் என் கேள்வி."

"தெரிஞ்சு என்ன செய்வீக?"

"தெரிஞ்சுக்குவேன்" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நானும் பல வேலைகளை அப்படித்தான் செய்கிறேன், ஆனால் என்னைச் சோம்பேறி என்பார்கள்.

பூதக்கண்ணாடியில் இரண்டு கண்ணாடிச் சில்லுகளைக் காட்டினார். புழுவின் நூல் சுரக்கும் குழாயை எடுத்து, சூடான திராவகத்தில் வைத்து, ஒரு சாயத்தில் போட்டது. அந்தச் சரக்கு இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் பிடிக்குமாம். சின்னப் புழுவில், வெற்றிலை போட்டவன் வாய் கொப்பளித்த தண்ணீர் மாதிரி வெளிறிய சிவப்பு. வளர்ந்த புழுவில், அப்போதுதான் மடித்துப் போட்ட வாய் மாதிரி. அந்தச் சிவப்பு கிளை கிளையாகப் பிரிந்து, அறையையே அடைத்துக்கொண்டு கிடந்தது.

புழுக் கதை அவருக்கு முந்தின வருஷங்களிலேயே தெரிந்துவிட்டது. அகப்படாமல் போனது கிழட்டுப் பூச்சிதான். இரண்டு வருஷம் இங்கிருந்து புழுவை மதுரைக்குக் கொண்டுபோய் வளர்த்திருக்கிறார். வெயிலில் எல்லாம் இளசிலேயே செத்துப்போயின. அதனால்தான் பூச்சி இருக்கிற இடத்துக்கே வந்துவிட்டார். கல்லூரியில் கொடுத்த லீவு தீபாவளி வரைக்கும். அதற்குள் முட்டை வைத்த நாளும் கூட்டை விட்டு வந்த நாளும் தெரிந்த பூச்சிகள் கிழடு தட்டியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் லீவு கிடையாது, இந்தக் கேள்வியும் கிடையாது. "பாடம் மட்டும் எடுத்தாப் போதும்னு சொல்லிட்டாங்க" என்றார். சொல்லும்போது அறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

புழுக்கள் பாதி வளர்ந்திருந்த சமயம், ரயிலில் வந்த ஏதோ மருந்தை வாங்க டீச்சரம்மா போடிக்கு இறங்கினார். "எதையும் தொடாதீங்க. காயை மட்டும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் புரண்டது. போதாக்குறைக்கு, கீழே போன இடத்தில் அவருக்கு மலைக்காய்ச்சல் கண்டு, தெரிந்தவர் வீட்டில் படுத்துவிட்டார் என்று தகவல் வந்தது.

மேலே குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். சிம்னிகளைப் பார்த்தேன். வழக்கமாகக் காயின் ஓட்டை வாசலில் புது எச்சம் குவிந்து கிடக்கும். அன்று ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டன. சாகப்போகின்றன, டீச்சரம்மா திரும்பி வந்து பார்த்து உட்கார்ந்து அழப்போகிறார் என்று பயந்துபோனேன்.

ஈரக் காயானாலும், நனைந்த வேட்டியானாலும், தடுமன் பிடித்த மனுசனானாலும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஸ்டோருக்குள் தூக்கி வை. நான் சிம்னிகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாய்ச் சுவரோரம் வைத்தேன். பாதிதான் வைக்க முடிந்தது. மிச்ச இடத்தில் ஏலக்காய்த் தட்டு இருந்தது; அதை நகர்த்தினால் கங்காணி என்னை வறுத்துவிடுவார்.

மறுநாளே சுவரோரத்துக் காய்களில் எச்சம் குவியத் தொடங்கியது. எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நாளில் எச்சம் நின்றது, கூடு கட்டின. அப்புறம் ஒரு காலையில், மஞ்சள் றெக்கையில் கறுப்புப் புள்ளி வைத்த பூச்சிகள் சிம்னிக்குள் உட்கார்ந்திருந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் நிறைய. தேன் கலந்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். டீச்சரம்மா செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

டீச்சரம்மா வந்து சேர்ந்தபோது பாதி உடம்புதான் மிச்சமிருந்தது. நான் வாசலுக்கே ஓடினேன். "டீச்சரம்மா, உள்ள வந்து பாருங்க. ஒங்களுக்குக் கெழட்டுப் பூச்சி ரெடி!"

பார்த்தார். குளிர்ப்பக்கத்துச் சிம்னிகளில் அதே நாள் முட்டைகளில் பிறந்தவை இன்னும் புழுவாகவே கிடந்தன. சுவரோரம் இருந்தவை பூச்சியாகி, றெக்கை பிய்ந்து, நிறம் மங்கிக் கிடந்தன. பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக எந்தெந்த நாள் கூட்டை விட்டு வந்துச்சு?" என்று கேட்டார்.

அதை நான் பார்த்துவைத்திருக்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இந்தா, இது சந்தைக்கு மறுநாளு. இது வெள்ளிக்கிழம காலைல. இது ரெண்டும் சோடியா, அமாவாசை அன்னைக்கு" என்று அடித்துவிட்டேன். டீச்சரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கிழட்டுப் பூச்சி வேண்டும் என்றாரே என்று நானும் தாராளமாக வயதைக் கூட்டிக்கொண்டே போனேன்.

"இது?" என்று கடைசிச் சிம்னியைக் காட்டினார்.

"அது எல்லாத்துக்கும் மூத்ததும்மா. நீங்க ஊருக்குக் கெளம்புனீகள்ல, அன்னைக்குக் காலைலயே வந்துருச்சு."

"அன்னைக்குக் காலையில அது புழு. நான்தான் பாத்து வச்சுட்டுப் போனேன்."

கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ளே, வெறகு போடுறதுலதான் கணக்கில்லைன்னா பொய்யிலயும் கணக்கில்லையேடா!" அப்புறம் டீச்சரம்மாவைப் பார்த்து, "அவன் சொன்ன நாளையே போட்டுக்கங்கம்மா. பூச்சியா வந்து சாட்சி சொல்லப்போகுது?" என்றார்.

டீச்சரம்மாவுக்கும் அந்த யோசனை வராமலா இருந்திருக்கும்? சிம்னியைக் கையில் எடுத்துப் பார்த்தார். லீவும் கரைந்துகொண்டிருந்தது. அவர் கேட்டதெல்லாம் கண்முன்னால் பிய்ந்த றெக்கையோடு உட்கார்ந்திருந்தது. மதுரையிலோ மெட்ராசிலோ யாருக்கும் தெரியப்போவதில்லை.

"வயசு தெரியாத பூச்சி எனக்கு வெறும் பூச்சிதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு நாள் கணக்கே கிடையாதா? உங்க வயசு என்ன, அதாவது தெரியுமா?"

"எங்காத்தா சொல்லும்மா, நான் பொறந்தன்னைக்கு நல்ல மழைன்னு."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, காய்ச்சல் இருமல் வந்து நின்றது. எனக்கு அவர் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். குளிர்ப்பக்கத்துப் புழுக்களை நம்பினால் அவை பொங்கலுக்குத்தான் பூச்சியாகும் போலிருந்தது. நான் கழுவுவதற்காகச் சிம்னிகளை எடுத்தேன். கடைசிச் சிம்னியில் இருந்த கிழவி, அதுதான் நான் எல்லாவற்றுக்கும் மூத்தது என்று அடித்துவிட்டேனே அந்தப் பெட்டைப்பூச்சி, மல்துணியில் ஒட்டிக்கொண்டு வயிற்றின் நுனியை ஆட்டிக்கொண்டிருந்தது. றெக்கை ஒரு பக்கம் பாதிதான்.

"இந்தக் கெழவிக்கு என்னமோ பண்ணுதும்மா" என்றேன்.

டீச்சரம்மா வந்து எட்டிப் பார்த்தார். மூட்டைக் கயிறு கையிலிருந்து விழுந்தது.

"ஆட்டாதீங்க. முட்டை வைக்குது."

"இந்த வயசுலயா?"

"எந்த வயசுல?" என்று கேட்டுவிட்டு அவரே உரக்கச் சொன்னார்: "இதுக்கு வயசு தெரியாது. ஆனா இது வைக்கிற முட்டைக்கு இன்னைக்குத்தான் பொறந்த நாள்!"

சுவரோரச் சூட்டில் எல்லாம் வெரசா வளர்கிறது என்பது என் முட்டாள்தனத்தால் தெரிந்துவிட்டது. முட்டையிலிருந்தே அந்தச் சூட்டில் வைத்தால் தீபாவளிக்குள் கிழடாகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: சூடு கடைசிவரை ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அடுப்பு எரிவது ஏலக்காய்க்காக. பச்சைக் காய் வந்து இறங்கினால் சூட்டை ஏற்ற வேண்டும், காய்ந்து வரும்போது இறக்க வேண்டும். புழுவுக்காகக் கங்காணி ஒரு விறகு கூட்டவோ குறைக்கவோ மாட்டார். அதனால் அடுப்பை விட்டுவிட்டுச் சிம்னிகளை நகர்த்துவது என்று முடிவானது. டீச்சரம்மா ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்தார். எனக்கு எண் தெரியாது என்பதால் அதில் ஒரு இடத்தில் சிவப்பு நூலைக் கட்டினார்.

"வெள்ளிக் கோடு நூலுக்கு மேல போனா, சுவத்தை விட்டுத் தள்ளி வைங்க. கீழ எறங்குனா, கிட்டக்கக் கொண்டாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை நான் தீபாவளி வரை செய்தேன். தள்ளினேன், இழுத்தேன். அவர் அறுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவரும் இழுத்தார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காய் பறிக்க வந்த மலையாளத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, "சேச்சி, குட்டிகள்க்கு சுகமாணோ?" என்று புழுக்களைப் பிள்ளைகளாக்கி நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். என் பெண்சாதி ஒருநாள் காய்க்கூடையோடு மேலே வந்தாள். நான் நூலைப் பார்த்துச் சிம்னியை ஒரு விரற்கடை நகர்த்துவதை நின்று பார்த்தாள்.

"ஏய்யா, நம்ம புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியத் தொட்டுப் பாத்தியாய்யா நீ?"

"அதுக்கு நூலு கட்டி விட்டிருந்தியா?" என்றேன். கூடை என் முதுகில் விழுந்தது.

முட்டை பொரிந்தது. புழு தின்றது, எச்சம் தள்ளியது, கூடு கட்டியது. பூச்சி வெளியே வந்த ஒவ்வொரு நாளும் டீச்சரம்மாவே பார்த்தார். என்னிடம் நாள் கேட்கும் தப்பை அவர் மறுபடி செய்யவில்லை. பூச்சிகள் பறந்தன, மங்கின, றெக்கை ஓரம் பிய்ந்தது. சில முன்னாலேயே செத்தன. ஒவ்வொன்று சாகும்போதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். ஆனால் லீவு முடிகிற வாரம், தள்ளாடிக்கொண்டு நடக்கிற அளவுக்குக் கிழடான பூச்சிகள் கைநிறைய உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பிறந்த நாள் தெரியும். எனக்கில்லாத பாக்கியம்.

சாயமேற்றி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். பூதக்கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்தேன். பழக்கமில்லாததால் மற்ற கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டு, "ஒண்ணும் தெரியலம்மா" என்றேன். திறக்கச் சொன்னார்.

"இது கிழட்டுப் பூச்சியோட சதை. சாயம் இருக்கு, ஆனா இளம்பூச்சியில எவ்வளவோ அவ்வளவேதான். கூடலை. புதுசா செய்யறதை நிறுத்திருச்சு. இருக்குறதை வச்சே காலந்தள்ளுது." சில்லை மாற்றினார். "இது வயித்துக் குழாய். ஓரத்துல சின்னச் சின்னதா தெரியுதா? அங்க இன்னும் கொஞ்சம் நடக்குது." மறுபடி மாற்றினார். "இது முட்டை உண்டாகுற இடம். பாருங்க, நிறுத்தவே இல்லை."

நான் யோசித்துவிட்டுச் சொன்னேன். "அப்ப வயசாயிட்டா வயித்துலயும், புள்ள உண்டாகுற எடத்துலயும் மட்டுந்தான் சோலி நடக்கும். இதுக்கு ஏம்மா இவ்வளவு கஷ்டப்பட்டீக? எங்க கங்காணியக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரே."

வெளியிலிருந்து கங்காணி, "டேய்!" என்றார். டீச்சரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சில்லுப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நான்தான் குரங்கணிக்கு இறங்கினேன். வழுக்குப் பாதையில் விழுகிறவன் என்று என் பேர் ஏற்கெனவே கெட்டிருந்தது. டீச்சரம்மா வழி முழுக்க, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே என் பின்னால் வந்தவர், இரண்டு தடவை தானே விழுந்தார். நான் விழவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் விழவில்லை. அங்கிருந்து ஜீப்பில் போடி ஸ்டேஷன்.

ரயிலில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக, தாளில் சுற்றிய ஒரு சில்லை என்னிடம் நீட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெற்றிலைச் சிவப்பில் ஒரு சின்னப் பொட்டு.

"அந்தக் கிழவி. முட்டை வச்ச ரெண்டாம் நாள் செத்துப்போச்சு. சாயமேத்தி வச்சேன். ஆனா இதை நான் எதுலயும் சேக்க முடியாது. உங்ககிட்ட இருக்கட்டும்."

"யாராச்சும் பாத்துட்டு, இதுக்கு என்ன வயசுன்னு கேட்டா?"

ரயில் நகரத் தொடங்கியிருந்தது. டீச்சரம்மா பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிச் சொன்னார்.

"பொறந்தன்னைக்கு நல்ல மழைன்னு சொல்லுங்க!"